பவளத் தொட்டியும் மன்னார் வளைகுடாவும்

பவளத் தொட்டி என்பது உயிருள்ள பவளங்களைக் கடல்நீரிலோ செயற்கை உப்புநீரிலோ வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். சாதாரண மீன் தொட்டியில் பவளத் துண்டு ஓர் அலங்காரப் பொருள் மட்டுமே. பவளத் தொட்டியில் பவளம்தான் குடியிருப்பவர், மீன் விருந்தாளி. கல்பவளம், மென்பவளம், கடல்விசிறி எனப் பல இனங்களை ஒரே தொட்டியில் சேர்த்து, பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கைகூடியது. இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு பரவலாகும் முன்பே, 2001இல், சட்டம் அதன் பெரும்பகுதிக்குத் தடை விதித்துவிட்டது. எனவே தமிழ்நாட்டில் பவளத் தொட்டியின் வரலாற்றை வரவேற்பறைகளில் தேடிப் பயனில்லை. அது தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலில், பவளத்தை உடைத்துச் சுண்ணாம்பாக எரித்த வரலாற்றோடும், பிறகு அதையே துண்டு துண்டாக நட்டு வளர்க்கும் முயற்சியோடும் பிணைந்து கிடக்கிறது.

பெயரும் பொருளும்

நவமணிகளில் ஒன்றாகக் கழுத்தில் அணியப்படும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவில் திட்டுகளைக் கட்டும் பவளம் வேறு. அதன் எலும்பு வெண்ணிறச் சுண்ணாம்பு; உயிரோடிருக்கும்போது பழுப்பு, பச்சை, ஊதா, மஞ்சள் எனத் தோன்றும். இலங்கைத் தமிழில் இதற்கு முருகைக்கல் என்று தனிப் பெயர் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவளப்பாறை என்றே வழங்குகிறது. பாறை என்ற சொல் ஓரளவு குழப்பம் தருவது. மாணவர் பலர் இதைக் கல் என்றோ கடற்செடி என்றோ எண்ணிவிடுகிறார்கள்.

உண்மையில் ஒவ்வொரு பவளமும் ஒரு விலங்குக் கூட்டம். பாலிப் எனப்படும் சிறு உயிரிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தமக்கு அடியில் சுண்ணாம்புக் கிண்ணங்களைக் கட்டிக்கொண்டே மேலெழும். அவற்றின் உடலுக்குள் சூசாந்தெல்லா என்னும் நுண்பாசிகள் குடியிருக்கும். பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பெரும்பங்கைப் பவளத்துக்குத் தருகிறது. பவளம் பாசிக்கு இடமும் தன் கழிவிலுள்ள சத்தும் தருகிறது. இந்தக் கூட்டுக் குடித்தனத்தைப் புரிந்துகொள்ளாத வரையில் பவளத்தைத் தொட்டியில் வைத்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள்.

கண்ணாடிக்குள் கடல்

தொட்டியில் நீர்வாழ் உயிர்களைச் செடிகளோடு சேர்த்து வைத்தால் நீர் கெடாமல் இருக்கும் என்பதை இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் 1850இல் எடுத்துக்காட்டினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி காஸ், இங்கிலாந்துக் கடற்கரையின் கிண்ணப் பவளங்களைத் தொட்டியில் வைத்துக் கவனித்து எழுதியவர். அவை குளிர்கடலின் தனிப் பவளங்கள், உடலில் பாசி இல்லாதவை, இருட்டிலும் வாழ்பவை. வெப்பக் கடலின் திட்டுப் பவளங்களை இதே முறையில் வைத்தால் சில நாள்களிலேயே சதை உரிந்து வெள்ளை எலும்பு மிஞ்சும்.

சென்னையில் கடல்மீன் காட்சியகம் 1909இல் மெரினாக் கரையில் திறக்கப்பட்டது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்குக் காரணமானவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றி அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். அந்தக் காட்சியகம் மீன்களுக்காகவே புகழ்பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. மண்டபத்துக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி அருங்காட்சியகம் 1927இல் தனி வெளியீடே கொண்டுவந்தது. தமிழ்நாட்டுப் பவளம் அறிவியல் ஏடுகளில் இடம்பெறத் தொடங்கியது இப்படித்தான். கடலில் பார்க்கவும் பெயரிடவும் முடிந்தது. தொட்டியில் வளர்க்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு விடை வேறு கடல்களில் கிடைத்தது. 1928-29இல் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புத் திட்டுக்குச் சென்ற குழுவின் தலைவர் சி. எம். யங், பவளங்களை ஒளி புகாத பெட்டிகளில் வைத்துச் சோதித்தார். இருட்டில் அவை தம் பாசிகளை இழந்து வெளிறின. 1944இல் ஜப்பானியரான சிரோ கவாகுட்டி, அந்தப் பாசிகள் எந்த வகை நுண்ணுயிர் என்பதை இனங்கண்டார். பாசி தயாரிக்கும் உணவு உண்மையிலேயே விலங்கின் உடலுக்குள் செல்கிறது என்பதை 1958இல் மஸ்கட்டைன், ஹேண்ட் என்னும் இருவர் கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு கடல் சாமந்தியில் காட்டினர். இவ்வளவுக்குப் பிறகுதான் பவளத்துக்கு உணவைப் போலவே, சொல்லப்போனால் உணவைவிடவும், வெளிச்சம் வேண்டும் என்பது ஐயமின்றி விளங்கியது.

பசிபிக் கடலில் நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் ரெனே கத்தாலா 1956இல் திறந்த காட்சியகம் ஒரு திருப்புமுனை. கடலிலிருந்து நீரை நேரே தொட்டிகளுக்குள் ஓடவிட்டு அவர் உயிர்ப்பவளங்களை வளர்த்தார். புற ஊதா ஒளியில் அவை ஒளிர்வதை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. ஆனால் கடற்கரையில் வீடு இல்லாதவருக்கு இந்த முறை உதவாது.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் பெரிய ஆய்வகம் எதையும் சேராதவர். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், தம் முறையை 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் விளக்கினார். வடிகட்டி கிடையாது. இயற்கைக் கடல்நீர், கடலில் கிடந்து உயிர்கள் குடியேறிய கற்கள், சன்னல் வழியே வரும் வெயில், மெல்லிய காற்றுக்குமிழி, இவ்வளவுதான். கல்லுக்குள் வாழும் நுண்ணுயிர்களே கழிவை உடைத்து நீரைத் தூய்மையாக வைத்தன. இன்று விலையுயர்ந்த கருவிகளோடு வைக்கப்படும் தொட்டிகளிலும் அந்த உயிர்க்கல்தான் அடிப்படை. இந்தோனேசியக் கடற்கரைக்காரர் ஒருவர் தம் வீட்டுச் சன்னலோரத்தில் கண்டுபிடித்ததை ஐரோப்பாவும் அமெரிக்காவும் முழுமையாக ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சுண்ணாம்புத் தெளிநீர்

வெளிச்சமும் உயிர்க்கல்லும் கிடைத்த பிறகும் கல்பவளங்கள் தொட்டியில் வளராமல் தேங்கின. எலும்பு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பரந்த கடலில் அது குறைவதே இல்லை. சிறு தொட்டியிலோ பவளம் வளர வளர அது தீர்ந்துகொண்டே போகும்.

செருமானிய மொழியில் எழுதிய பீட்டர் வில்கென்ஸ் 1970களில் இதற்குச் சொன்ன வழி தமிழருக்குப் புதிதாகத் தோன்றாது. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவதுதான் அது. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக இதையே ஊற்றினால் கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்தே ஈடாகும். வேகமாக ஊற்றினால் காரம் ஏறித் தொட்டியே அழியும் என்பதால் இரவில் மெல்லச் சொட்டவிடுவது வழக்கம். பெர்லின் நகர ஆர்வலர்கள் இதோடு உயிர்க்கல், வலுவான விளக்கு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி ஆகியவற்றைச் சேர்த்தனர். 1980களில் அவர்களில் ஒருவரான டீட்ரிக் ஸ்டூபரின் தொட்டியில் கிளைப்பவளங்கள் வளர்ந்து, துண்டுகளாகப் பிற வளர்ப்பாளர்களுக்குப் போகத் தொடங்கின. இதுவே பெர்லின் முறை எனப் பெயர் பெற்றது.

இதன் வேதியியலைத் தூத்துக்குடிச் சுண்ணாம்புச் சூளையோடு வைத்துப் பார்க்கலாம். சூளையில் பவளத்தைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் தெளித்தால் நீற்றிய சுண்ணாம்பு. தொட்டியில் அந்த நீற்றிய சுண்ணாம்பின் தெளிநீர் கரியமில வாயுவோடு சேர, பவளம் அதை மறுபடி தன் எலும்பாக்கிக் கொள்கிறது. சூளை பிரித்ததைப் பவளம் சேர்க்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சூளைக்கு ஒரு பவளக்குன்றை எரிக்கச் சில நாள் போதும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும்.

பவளங்களுக்குள் போர்

ஒரு பவளத்தை உயிரோடு வைக்கக் கற்றபின் அடுத்த சிக்கல் எழுந்தது. பல இனங்களை ஒரே தொட்டியில் வைத்தால் சில நாள்களில் ஒன்றின் ஓரம் அழுகும், பிறகு அந்தக் கூட்டமே சாகும். நோய் என்றே முதலில் நினைத்தார்கள்.

1970களின் தொடக்கத்தில் ஜமைக்காவில் ஆய்வு செய்த ஜூடித் லாங் இதன் உண்மையை வெளிக்கொணர்ந்தார். தோற்றத்தில் ஒன்றுபோல இருந்த இரு தனிப்பவளங்களை அருகருகே வைத்தபோது, ஒன்று தன் வயிற்றிலிருந்து நூல் போன்ற இழைகளை வெளியே நீட்டி மற்றதன் சதையை இருந்த இடத்திலேயே செரித்துவிட்டது. அவை ஒரே இனமல்ல, இரண்டு இனங்கள் என்பதும் இந்தச் சண்டையால்தான் உறுதியாயிற்று. தொடர்ந்து பல இனங்களைச் சோதித்த லாங், பவளங்களுக்குள் எது எதை வெல்லும் என்ற வரிசை ஒன்று இருப்பதைக் காட்டினார். வேகமாக வளரும் கிளைப்பவளங்கள் பல அந்த வரிசையில் கீழே இருந்தன. மெல்ல வளரும் சதைப்பற்றான பவளங்கள் மேலே இருந்தன. மெல்ல வளர்பவை வேகமாக வளர்பவற்றின் நிழலில் சாகாமல் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது எப்படி என்ற பழைய கேள்விக்கு இது நல்ல விடை.

வயிற்று இழை ஆயுதங்களில் ஒன்று மட்டுமே. சில பவளங்கள் பக்கத்தில் போட்டியாளர் இருப்பதை உணர்ந்தால், கொட்டும் அணுக்கள் நிறைந்த நீண்ட கைகளை வளர்த்து நீரோட்டத்தில் துழாவவிடும். மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் கேலக்சியா என்னும் பவளம் இதில் பெயர் பெற்றது. தன் உடலைப்போலப் பல மடங்கு நீளத்துக்கு அது கை நீட்டும். பகலில் பார்ப்பவருக்கு அழகான சிறு நட்சத்திரக் கூட்டமாகத் தோன்றும் அது, இரவில் சுற்றுவட்டாரத்தைக் காலி செய்துவிடும். எலும்பில்லாத மென்பவளங்களுக்கு வேறு வழி உண்டு. அவை டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கசியவிட்டு அண்டை வீட்டாரின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஆஸ்திரேலியாவில் சம்மார்கோ, கோல் முதலியோர் 1980களில் இதை ஆய்ந்து எழுதினர். இவை எதுவும் இல்லாத பவளம் கூட, மேலே படர்ந்து வெயிலை மறைத்தே கீழுள்ளதைக் கொன்றுவிடும்.

கடலில் இந்தச் சண்டை எப்போதும் நடக்கிறது. ஆனால் அங்கே இடம் பெரிது, நீரோட்டம் நஞ்சை அடித்துச் செல்லும், ஒரு மூலையில் தோற்ற இனம் இன்னொரு மூலையில் வெல்லும். தொட்டியில் தப்பிக்க இடமில்லை. அதனால் பவளத் தொட்டி வைப்பவர்கள் சில நடைமுறைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். மிகுந்த வெளிச்சமும் வலுவான நீரோட்டமும் கேட்கும் அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்களை மேல்தட்டில் வைப்பர். பெரிய பாலிப் கொண்ட சதைப்பற்றான பவளங்களைக் கீழே, மங்கலான இடத்தில், கை எட்டாத தூரத்தில் தனித்தனியே வைப்பர். நீளமாகக் கை நீட்டுபவற்றைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு வெற்றிடம் விடுவர். மென்பவளங்களோடு கல்பவளங்களைச் சேர்க்க நேர்ந்தால், நீரில் கசியும் வேதிப்பொருள்களை உறிஞ்ச வடிகட்டியில் அடுப்புக்கரியைப் போன்ற, ஆனால் அதற்கெனத் தயாரித்த கரியைப் போட்டு அடிக்கடி மாற்றுவர். வெப்பம் 24 முதல் 27 செல்சியஸ், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. இந்த அளவுகளில் எல்லாப் பவளமும் ஒத்துப்போகும். வெளிச்சத்திலும் நீரோட்டத்திலும் தூரத்திலும்தான் ஒத்துப்போகா.

தூத்துக்குடிச் சூளைகள்

மேற்கே தொட்டிக்குச் சுண்ணாம்புத் தெளிநீர் சொட்டவிடப்பட்ட அதே ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளம் படகுப் படகாகக் கரையேறியது. கடப்பாரையால் திட்டை உடைத்து, வள்ளங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தனர். சுண்ணாம்புச் சூளைக்கும், கால்சியம் கார்பைடு தயாரிப்புக்கும், சாலை போடவும் அது பயன்பட்டது. மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் தாமே கடலில் மூழ்கி ஆய்ந்தவர்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 25,000 டன் பவளம் எடுக்கப்படுவதாக அவர்கள் 1972இல் வெளியான கட்டுரையில் மதிப்பிட்டனர்.

அந்தக் கட்டுரை வெளியான தொகுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் பவளங்களுக்காகவே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கை நடத்தியது. இன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக நகரங்களில் கூடும் பன்னாட்டுப் பவளத்திட்டு மாநாடுகளின் வரிசையில் மண்டபமே முதலாவதாகக் கணக்கிடப்படுகிறது. இந்தியப் பவள இனங்களை முறைப்படி வகைப்படுத்திய சி. எஸ். கோபிநாத பிள்ளை முதலியோரின் ஆய்வுகளும் அத்தொகுப்பில் உள்ளன. உலகப் பவள அறிவியல் தன் முதல் கூட்டத்தைப் போட்ட ஊருக்குத் தெற்கே, அதே வளைகுடாவில், அதே ஆண்டில் பவளம் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்கு உடைத்தவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. சங்கு, மீன் ஆகியவற்றை எடுப்பதைப்போலப் பவளக்கல் எடுப்பதும் அக்கரையில் ஒரு பிழைப்பாக இருந்தது. வாங்கும் தொழில்கள் இருந்தன. தடுக்கும் சட்டம் இல்லை.

விளைவு தீவுகளில் தெரிந்தது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக 21 தீவுகள் உண்டு. சுற்றியுள்ள பவளத்திட்டு அலையின் வேகத்தைத் தாங்கும் வரைதான் இந்த மணல் தீவுகளுக்கு வாழ்வு. கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளம் எடுத்ததே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

2001ஆம் ஆண்டு அறிவிப்பு

இத்தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986இல் தமிழ்நாடு அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. ஆயினும் பவளம் எடுப்பது தொடர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளம் இடம்பெறவே இல்லை.

2001 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு அந்தக் குறையை நீக்கியது. திட்டுக் கட்டும் எல்லாக் கல்பவளங்கள், கரும்பவளங்கள், குழல்பவளம், நெருப்புப் பவளங்கள், கடல்விசிறிகள் ஆகியன முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி, யானை ஆகியவற்றுக்கு உள்ள அதே அட்டவணை. பிடித்தல், வைத்திருத்தல், விற்றல் குற்றம். குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை. அட்டவணை எந்தக் கடலின் பவளம் என்று பார்ப்பதில்லை, இனத்தைத்தான் பார்க்கிறது. இராமேசுவரக் கடைகளில் நினைவுப் பொருளாக விற்ற வெள்ளைப் பவளத் துண்டும் இதற்குள் வரும். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கல்பவளங்கள் அனைத்தும் 1990 முதலே உள்ளன.

சட்டம் வந்ததும் உடைப்பு நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், திட்டும் தீவும் கரைக்குக் காவல் என்ற எண்ணம் கரையோர ஊர்களில் வலுப்பெற்றது. கண்காணிப்பும் கூடியது. 2005 அளவில் பவளம் எடுப்பது முடிவுக்கு வந்தது.

சிவகாசியிலிருந்து பார்த்தால்

சிவகாசியிலிருந்து சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் வழியே கிழக்கே போனால் வேம்பார்க் கரை. அங்கிருந்து கடலுக்குள் உப்புத்தண்ணி, புலுவினிசல்லி, நல்லதண்ணி ஆகிய தீவுகள். கரிசல் காட்டின் வறண்ட ஊர் ஒன்றுக்குப் பவளத்திட்டு இவ்வளவு அருகில் இருப்பதை விருதுநகர் மாவட்ட மாணவர்கள் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இவ்வூர் பவளத் தொட்டிக்கு ஏற்றதல்ல. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்ற உதவிய வறண்ட காற்று, தொட்டி நீரை வேகமாக ஆவியாக்கும். நீர் போகும், உப்பு தங்கும். நாள்தோறும் நன்னீர் ஊற்றாவிட்டால் உப்பின் அளவு ஏறிவிடும். நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அப்படியே ஊற்ற முடியாது. கோடையில் அறை வெப்பம் பவளம் தாங்கும் அளவைத் தாண்டும் என்பதால் குளிர்விக்கும் கருவி ஓயாமல் ஓடவேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே சேதம் தொடங்கிவிடும்.

வேதியியலில் மட்டும் இரண்டுக்கும் நெருக்கம் உண்டு. வானவெடிக்குச் சிவப்பு ஒளி தருவது ஸ்ட்ரான்சியம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் அதே ஸ்ட்ரான்சியம் கரைந்திருக்கிறது. பவளம் எலும்பு கட்டும்போது கால்சியத்தோடு அதையும் சிறிதளவு சேர்த்துக்கொள்கிறது. கடல் வெதுவெதுப்பாக இருந்த ஆண்டுகளில் அந்தப் பங்கு குறையும், குளிர்ந்த ஆண்டுகளில் கூடும். பழைய பவளத்தைக் குறுக்கே அறுத்து, பல நூறு ஆண்டுக்கு முந்தைய கடலின் வெப்பத்தை ஆய்வாளர்கள் இதைக்கொண்டு கணக்கிடுகிறார்கள். நீல ஒளி தரும் செம்புச் சேர்மங்களோ பவளத்துக்குக் கொடிய நஞ்சு. மீன் தொட்டியில் ஒட்டுண்ணிக்குப் போடும் செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் மறந்தும் ஊற்றக்கூடாது என்பது வளர்ப்பாளர்களின் முதல் பாடம். எதை எதன் அருகில் வைக்கக்கூடாது என்ற கேள்வியும் இங்குள்ளவர்களுக்குப் பழகியதே. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும், பட்டாசு ஆலை அறைகள் ஏன் தள்ளித் தள்ளிக் கட்டப்படுகின்றன என்பதையும் சிவகாசிப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கடல்நீர்த் தொட்டி வைத்தே தீரவேண்டும் என்போருக்கு மீன் மட்டும் வளர்ப்பதே வழி. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்க்கும் தொழில்நுட்பத்தை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவன மையம் உருவாக்கிப் பயிற்சியும் அளித்திருக்கிறது. கடலிலிருந்து பிடிக்காத மீன் என்பதால் திட்டுக்குக் கேடில்லை.

துண்டு நடவு

பவளத் தொட்டிக்காரர்களின் கையிருப்பில் இந்தியாவுக்கு உண்மையில் பயன்பட்டது ஒரே அறிவுதான்: கிளைப்பவளத்தின் துண்டு தனியே பிழைக்கும். முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் துளிர்ப்பதுபோல, விரலளவு அக்ரோபோராத் துண்டு பிடிமானம் கிடைத்தால் புதிய கூட்டமாக வளரும். கடலில் புயல் உடைத்த துண்டுகள் இப்படித்தான் பரவுகின்றன.

தூத்துக்குடியில் 1998இல் தொடங்கப்பட்ட சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், ஜே. கே. பேட்டர்சன் எட்வர்ட் தலைமையில் மன்னார் வளைகுடாவின் பவளங்களைத் தீவு தீவாகக் கணக்கெடுத்தது. 40 பேரினங்களைச் சேர்ந்த 117 கல்பவள இனங்கள் பதிவாயின. 2002 முதல் அந்நிறுவனம் சிதைந்த திட்டுகளில் துண்டு நடவைச் செய்து வருகிறது. சிமெண்டுச் சட்டங்களைக் கடலடியில் வைத்து, நலமான திட்டிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை அவற்றில் பொருத்தி, அரசு அனுமதியோடும் வனத்துறையின் ஒத்துழைப்போடும் இப்பணி நடக்கிறது. தொட்டியில் கேட்கும் அதே கேள்விகள் இங்கேயும் எழும். எந்த இனம் எந்த ஆழத்தில், எவ்வளவு இடைவெளியில், எதன் பக்கத்தில்? அந்தந்த இடத்தில் முன்பு வாழ்ந்த இனத்தையே அங்கே நடுவதுதான் பாதுகாப்பான விடையாக இருந்திருக்கிறது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015இலிருந்து சிமெண்டால் செய்த செயற்கைத் திட்டுகள் இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்து தீவில் மணல் சேரத் தொடங்கியது. இறக்கிய கட்டைகளின் மேல் பவளக் குஞ்சுகள் தாமாகவே வந்து ஒட்டின.

ஆனால் நடவு எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்காது. கோடையில் கடல்நீர் 30 செல்சியஸைத் தாண்டிச் சில வாரங்கள் நின்றால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. யங் இருட்டுப் பெட்டியில் கண்டதை வெப்பம் திறந்த கடலில் செய்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவு வெளிறல் நிகழ்ந்தது. 2016இல் மட்டும் உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 ஆகக் குறைந்தது. அதிகம் செத்தவை அக்ரோபோரா, மாண்டிபோரா, பொசிலோபோரா ஆகிய வேகமாக வளரும் பவளங்கள். துண்டு நடவுக்கு எளிதாக இருப்பவையும் அவையே. உருண்டையாக மெல்ல வளரும் போரைட்டஸ் முதலியவை பெரும்பாலும் பிழைத்தன. பழைய திட்டில் கிளைப்பவளம் இருந்த இடங்களில் இப்போது உருண்டைப் பவளங்களின் பங்கு கூடிவருகிறது. நட்ட கிளைத் துண்டுகளுக்கு ஒவ்வொரு ஏப்ரலும் மே மாதமும் சோதனைக் காலம்.